குஸ்கோ 12 நாள், ரெண்டு பேர், கையிருப்பு கம்மி: இந்தத் திட்டம் தேறுமா?

வேளச்சேரி வாசி கேட்டது:

ஜூன் முதல் வாரம் சென்னையிலிருந்து ரெண்டு பேர் பெரு போகிறோம். லிமா வரை போக வர டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு பாஸ்போர்ட்டிலும் அமெரிக்க விசா இருக்கிறது. ஒருவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மொத்தம் 12 நாள், குஸ்கோவை மையமாக வைத்து இப்படிப் போட்டிருக்கிறோம்:

முதல் நாள் காலை லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ, மதியம் சக்சாய்வமான் கோட்டை. ரெண்டாம் நாள் வானவில் மலை. மூணாம் நாள் ரயிலில் இன்கா அரசர்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சு கிளம்பி நாலாம் நாள் பார்ப்பது. அப்புறம் ஊரும் பக்கத்து உருபம்பா பள்ளத்தாக்கும் ஆற அமர. கடைசி நாள் காலை குஸ்கோவிலிருந்து லிமா, அன்று ராத்திரியே சென்னைக்கு விமானம்.

ரயில் கட்டணம்தான் தலையைச் சுற்றவைக்கிறது. ரயிலைத் தவிர்க்க முடியுமா? மச்சு பிச்சு நுழைவுச் சீட்டை அங்கே போய் வாங்கலாமா? சைவத்துக்கு என்ன வழி?

---

மலைப்பாதை பதில்:

இடங்கள் எல்லாம் சரி, வரிசைதான் தலைகீழ். செலவைப் பேசுவதற்கு முன் உயரத்தைப் பேச வேண்டும். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். குஸ்கோ நகரம் சுமார் 3,400. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், மெரினாவில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. வானவில் மலை என்கிற வினிகுன்கா 5,000 மீட்டருக்கும் மேல். அங்கே ஏறக்குறைய பாதி. கடல் மட்டத்து ஊரிலிருந்து வந்து 24 மணி நேரத்தில் அங்கே ஏறினால் தலைவலியும் வாந்தியும் வருவதற்கே வாய்ப்பு அதிகம். கொடுத்த காசு போகும், அடுத்த நாளும் படுக்கையில் போகும்.

குஸ்கோவைச் சுற்றியிருக்கும் ஊர்களில் பெரும்பாலானவை குஸ்கோவை விடத் தாழ்வானவை. உருபம்பா 2,870, ஓயாந்தாய்தம்போ 2,790, மச்சு பிச்சுவே 2,430தான். அதனால் விமானத்திலிருந்து இறங்கியதும் ஊருக்குள் தங்காமல் நேரே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள்.

விமான நிலையத்திலிருந்து டாக்சியில் பவித்தோஸ் தெரு. ஓயாந்தாய்தம்போ, உருபம்பா போகும் ஷேர் வேன்கள் அங்கிருந்துதான் கிளம்பும். கொலெக்திவோ என்பார்கள். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் நிறைந்தால்தான் நகரும். ஒன்றரை முதல் ரெண்டு மணி நேரம், ஆளுக்கு 10 முதல் 15 சோல். ஒரு சோல் ஏறக்குறைய 25 ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். பிசாக் போகும் வேன் மட்டும் புபுத்தி தெருவிலிருந்து. டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன் பேசிக்கொள்ள வேண்டும்.

ஓயாந்தாய்தம்போவில் மூன்று ராத்திரி தங்குங்கள். ஊருக்கு ஒரு பக்கம் கட்டணக் கோட்டை, எதிர்ப்பக்கம் பிங்குயூனா மலையில் இன்கா காலத்துத் தானியக் கிடங்குகள். அதற்குக் கட்டணமே இல்லை. ரெண்டாம் நாள் காலை அதில் மெதுவாக ஏறினால் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூணாம் நாள் மோராய் வட்டப் படிக்கட்டு வயல்களும் மாராஸ் உப்புப் பாத்திகளும். உருபம்பா வந்து, சின்செரோ பக்கம் போகும் வேனில் ஏறி, மாராஸ் பிரிவுச் சாலையில் இறங்கி, அங்கே நிற்கும் டாக்சியைப் பேசிக்கொள்ளலாம். நாலாம் நாள் அங்கிருந்தே மச்சு பிச்சு பக்கம். ஆறாம் நாள்தான் குஸ்கோ நகரம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும். வானவில் மலையைப் பத்தாம் நாளுக்குத் தள்ளுங்கள். மழை, பனி என்றால் விட்டுவிடவும் மனசு வரும்.

சக்சாய்வமானுக்கு ஊரிலிருந்து ஏறாதீர்கள். பிசாக் வேனில் ஏறி தம்போமச்சாயில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அது 3,700 மீட்டருக்கு மேல். அங்கிருந்து புகா புகாரா, கென்கோ, சக்சாய்வமான் என்று பார்த்துக்கொண்டே ஊர் வரை சுமார் 8 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். அரை நாள் போதும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சீட்டு: போலேத்தோ துரிஸ்திகோ. முழுச் சீட்டு 130 சோல், 10 நாள் செல்லும், 16 இடம், ஒரு இடத்துக்கு ஒரு தடவை. பகுதிச் சீட்டு 70 சோல், ஒரு பக்கத்து இடங்களுக்கு மட்டும், ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். பள்ளத்தாக்கு, கோட்டைகள் ரெண்டுமே பார்ப்பதால் உங்களுக்கு முழுச் சீட்டுதான் லாபம். ரெண்டாம் நாள் ஓயாந்தாய்தம்போ வாசலில் வாங்கினால் பதினொன்றாம் நாள் வரை வரும். சோல் ரொக்கமாக வைத்திருங்கள். மாராஸ் உப்புப் பாத்தி, கொரிகாஞ்சா என்கிற இன்கா கோயில், பேராலயம், மச்சு பிச்சு நாலும் இதில் சேராது. வாசலில் போய் சண்டை போட்டுப் பயனில்லை.

---

சில்லறைக் கணக்கு பதில்:

ரயில் விஷயத்துக்கு வரேன். மச்சு பிச்சு அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தெஸுக்கு ரோடே கிடையாது. ரயில், இல்லன்னா நடை. வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு வழிக்கு மட்டும் 60லேர்ந்து 80 டாலர் சாதாரணமா ஆகும். உள்ளூர்க்காரங்களுக்குன்னு ஒரு மலிவு ரயில் ஓடுது, அதுல நமக்கு டிக்கெட் குடுக்க மாட்டாங்க. கேட்டு நேரத்த வீணாக்காதீங்க.

நடை வழி இதுதான். குஸ்கோலேர்ந்து காலைல 7 மணி வாக்குல வேன் கிளம்பும். ஓயாந்தாய்தம்போ வழியாத்தான் வரும், பேசி வெச்சா அங்கயே ஏறிக்கலாம். அப்ரா மலாகா கணவாய் 4,316 மீட்டர், அதைத் தாண்டி சாந்தா மரியா, சாந்தா தெரேசா, கடைசியா இத்ரோஎலெக்த்ரிகா. நீர்மின் நிலையம் இருக்கற இடம், பேரே அதுதான். குஸ்கோலேர்ந்து மொத்தம் ஆறேழு மணி நேரம். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுல வாந்தி வர்றவங்க, ஏர்றதுக்கு அரை மணி முன்னாடி அவோமின் போட்டுக்கறது நல்லது. போக வர வேனுக்கு ஆளுக்கு 80லேர்ந்து 100 சோல் வரைக்கும் கேப்பாங்க.

அங்கேர்ந்து தண்டவாளத்த ஒட்டியே 10 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம், ரெண்டரை மூணு மணி நேரம். இதுல சொதப்பறது மூணு இடத்துல:

வேன் மதியம் ரெண்டு மணிக்கு மேலதான் சேரும். ஜூன்ல அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும். இறங்கினதும் சாப்பாட்டுக் கடையில உக்காந்தா கடைசி மூணு கிலோமீட்டர் இருட்டுல நடக்கணும். தலையில மாட்டற டார்ச் கட்டாயம். தண்டவாளத்து மேல நடக்காம பக்கத்துப் பாதையில போங்க, ஊர்கிட்ட சுரங்கம் வரும்போது உள்ள நுழையாம கீழ இறங்கற ரோட்டப் பிடிங்க.

திரும்பற வேன் ரெண்டரை மூணு மணிக்குக் கிளம்பிடும். அதைப் பிடிக்க அகுவாஸ் காலியெந்தெஸ விட்டு காலைல பதினொண்ணரைக்குள்ள நடக்க ஆரம்பிக்கணும். அதனால மச்சு பிச்சுக்கு 6 மணி, 7 மணி சீட்டுதான் ஒத்து வரும். மதியச் சீட்டு வாங்கினா இன்னொரு ராத்திரி தங்கிடுங்க.

அப்புறம் கொசு மாதிரி ஒரு குட்டி ஈ. கடிச்ச இடம் நாலஞ்சு நாள் அரிக்கும். அரை டிரவுசர் போட்டுட்டு நடந்தா கால் ரெண்டும் போச்சு.

மேல ஏர்ற பஸ் ஒரு வழிக்கு 12 டாலர். காலாலயே ஏறினா ஆத்துப் பாலத்துலேர்ந்து சுமார் 400 மீட்டர் உயரம், ஒன்றரை மணி நேரம், முழுக்கப் படிக்கட்டு. ஏர்றதுக்கு பஸ், இறங்கறதுக்கு நடைன்னு வெச்சுக்கிட்டா முட்டி பாவம். உல்டாவா ஏறிட்டு பஸ்ல இறங்குங்க.

இப்ப சீட்டு. சாதாரண நுழைவு 152 சோல், வைனா பிச்சு சிகரத்தோட சேர்த்து 200. 2024 ஜூன்லேர்ந்து மூணு சுற்று, அதுக்குள்ள பத்துப் பாதைன்னு பிரிச்சுட்டாங்க. முதல் சுற்று மேல நின்னு படம் எடுக்க மட்டும், ஊருக்குள்ள விடாது. ரெண்டாவது சுற்றுலதான் போட்டோ எடுக்கற மேடும் கோயில்களும் ரெண்டும் வரும். அதுதான் முதல்ல தீரும். மூணாவது கீழ்ப்பகுதி. வாங்கினதுக்கப்புறம் தேதியோ சுற்றோ மாத்த முடியாது, பாஸ்போர்ட்ல இருக்கற பேரும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்து வரணும். நம்மாளுங்க சிக்கறது இங்கதான். இனிஷியல விரிச்சு அப்பா பேர் எந்தப் பெட்டியில போகுதுன்னு பாஸ்போர்ட்ட எதிர்ல வெச்சுக்கிட்டு நிரப்புங்க. ஒரிஜினல் பாஸ்போர்ட் இல்லாம உள்ள விட மாட்டாங்க.

அங்க போய் வாங்கலாமான்னா, வாங்கலாம். அகுவாஸ் காலியெந்தெஸ்ல ஒரு நாளைக்கு 1,000 சீட்டு நேர்ல விக்கறாங்க. ஆனா அடுத்த நாளுக்கானது, முதல்ல வரிசை எண் வாங்கி அப்புறம் பணம் கட்டணும். அதாவது அந்த ஊர்ல ரெண்டு ராத்திரி. எந்தச் சுற்று மிஞ்சுதோ அதுதான் கிடைக்கும். ஜூன் கூட்டத்துக்கு இது சரிப்படாது. பெரு கலாச்சார அமைச்சகத்தோட இணையதளத்துல இப்பவே வாங்கிடுங்க.

உள்ள கழிவறை கிடையாது, வெளிய வந்தா திரும்ப விட மாட்டாங்க. 40-35-20 சென்டிமீட்டருக்கு மேல பை இருந்தா வாசல்லயே காசு குடுத்து வெக்கணும்.

---

தடம் பதில்:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் ரெண்டு பக்கமும் வேன் என்பது 12 நாள் பயணத்தில் மோசமான சிக்கனம். திரும்பும் நாளில் விடியற்காலை படியேறி, மூன்று மணி நேரம் சுற்றி, 10 கிலோமீட்டர் நடந்து, ஆறு மணி நேரம் மலை ரோட்டில் வேன். அடுத்த நாள் முழுக்கத் தூக்கத்தில் போய்விடும். போகும்போது வேனும் நடையும், திரும்பும்போது ரயிலில் ஓயாந்தாய்தம்போ வரை ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கிருந்து ஷேர் வேன். இரவு 8 மணிக்கு மேல் கிளம்பும் ரயில்களில் கட்டணம் பெரும்பாலும் குறைவு. இருட்டில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை, அதனால்தான்.

மழைக்காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை இந்த வேன் வழியை யாருக்கும் சொல்லவே கூடாது. மண்சரிவு சாந்தா தெரேசா ரோட்டில் சகஜம். ஜூன் வறண்ட மாதம், ரோட்டுக்குப் பயமில்லை. ஆனால் ஜூன் 24 இன்தி ராய்மி, சூரியத் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் குஸ்கோவில் அறை வாடகை எகிறும். முதல் ரெண்டு வாரத்துக்குள் முடித்துக்கொண்டால் தப்பித்தீர்கள்.

திட்டத்தில் உண்மையான ஓட்டை கடைசி நாள்தான். லிமா–குஸ்கோ தனி டிக்கெட், லிமா–சென்னை தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு ரெண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெருவில் பாரோ என்கிற வேலைநிறுத்தம் வந்தால் ரோட்டில் கல் போட்டு மறிப்பார்கள், ரயிலும் நிற்கும். 2023 ஜனவரியில் போராட்டத்தால் மச்சு பிச்சுவையே சில வாரங்கள் மூடினார்கள். ஒரு நாள் முன்னதாக லிமா வந்து ராத்திரி தங்குங்கள். ஒரு விடுதி வாடகைக்குப் பயந்து சர்வதேச டிக்கெட்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. எல்லோரும் வானவில் மலை என்று ஓடுகிறார்கள், தெற்குப் பக்கத்தைச் சீந்துவதில்லை. உர்கோஸ் போகும் சாதாரண பஸ்ஸில் சில்லறைக் காசில் திப்போன் பிரிவில் இறங்கலாம். இன்காக்கள் ஊற்று நீரைக் கல் வாய்க்காலில் பிரித்துப் படிக்கட்டு வயல்களுக்கு விட்ட இடம், இன்றும் தண்ணீர் ஓடுகிறது. ஏரியும் மதகும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மச்சு பிச்சுவை விட இது பிடித்துப்போனால் ஆச்சரியமில்லை. சாலையிலிருந்து ஏற்றம் செங்குத்து. டாக்சியில் ஏறி நடந்து இறங்கலாம். அதே சாலையில் பிகியாக்தா, இன்காவுக்கும் முந்தைய வாரி மக்களின் நகரம். இந்த ரெண்டும் அந்த 130 சோல் சீட்டிலேயே அடக்கம். வழியில் ஓரோபேசாவில் வண்டிச் சக்கரம் மாதிரி வட்ட ரொட்டி கிடைக்கும்.

---

வேளச்சேரி வாசி:

எல்லோருக்கும் நன்றி. வரிசையை மாற்றிவிட்டோம், லிமாவில் ஒரு ராத்திரியும் சேர்த்தாச்சு. போக வேன், வர ரயில். உயரத்துக்கு மாத்திரை வேண்டுமா? தடுப்பூசி ஏதாவது கட்டாயமா? பெரு விசா வேண்டாம் என்று படித்தோம், நிஜமா?

---

கிண்டிக்காரர் பதில்:

விசா: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஒன்றின் விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சுற்றுலாவுக்குப் பெரு தனி விசா கேட்பதில்லை. அந்த விசாவில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் விசா இருந்தால் ரெண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். சென்னை கவுண்டரில் இருக்கும் ஊழியருக்கு இந்த விதி தெரியாமல் போகலாம். பெரு தூதரகத்தின் அறிவிப்பை அச்செடுத்து வைத்திருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கேட்பது பெரு அல்ல, இந்தியா. குஸ்கோவிலும் மச்சு பிச்சுவிலும் அந்த நோய் அபாயம் இல்லை. ஆனால் நம் அரசு நாட்டைப் பார்க்கிறது, ஊரைப் பார்ப்பதில்லை. பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள், சான்றிதழ் இல்லாமல் சென்னையில் இறங்கினால் அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமைப்படுத்த அதிகாரிக்கு உரிமை உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்; பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான், முன்பதிவு பார்த்துவிட்டு அசல் பாஸ்போர்ட்டுடன் போக வேண்டும். அங்கீகாரம் இல்லாத மருத்துவமனையில் போட்டால் சான்றிதழான மஞ்சள் அட்டை வராது. இது உயிருள்ள கிருமி ஊசி. முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்திக் குறைவு, கர்ப்பம், 60 வயதுக்கு மேல் என்றால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். சைவம் என்பதால் முட்டை சாப்பிடாமலிருப்பது வேறு, ஒவ்வாமை வேறு, படிவத்தில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உயர நோய்க்கு அசெட்டசோலமைடு. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கி. மருத்துவர் சீட்டு வேண்டும், சல்பா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லியாக வேண்டும். விரல் நுனி கூச்சமெடுக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், ரெண்டும் எதிர்பார்த்ததுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் மாத்திரையை நம்பாமல் உடனே தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும், மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

விடுதிகளில் கோகா இலைத் தேநீர் இலவசமாகவே இருக்கும், அங்கே சட்டப்படி சரி. அதன் டீ பாக்கெட்டைக்கூட நினைவுப் பொருளாக ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. கோகா இலை நம் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

---

மோர்க்குழம்பு பதில்:

சைவத்துக்கு: 'கார்னே' என்றால் அவர்களுக்கு மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி மட்டும். 'சின் கார்னே' என்று சொன்னால் கோழியோடு வரும். முழுசா இப்படிச் சொல்லணும்: சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹாமோன், சின் உவேவோ. இறைச்சி, கோழி, மீன், பன்றித் துண்டு, முட்டை வேண்டாம். ஒரு சீட்டுல எழுதியே காட்டிடுங்க.

அதோட முடியல. சூப் காய்கறியா தெரியும், அடியில கோழிச் சாறு. 'கால்தோ தே போயோ?'னு கேளுங்க. ரொட்டியிலும், மக்காச்சோள மாவை அவிச்சுச் செய்யற தமாலிலும் 'மாந்தேகா' என்கிற பன்றிக் கொழுப்பு இருக்கலாம்.

மதியச் சாப்பாட்டை மெனு என்பாங்க: சூப், ஒரு தட்டு, குடிக்க ஒன்று, 10லேர்ந்து 15 சோல். குஸ்கோ சான் பெத்ரோ சந்தைல பழச்சாறு வரிசைக் கடைகள் நம்பிக்கையானவை. தைரியமா கேட்கக்கூடியவை: சோக்லோ கோன் கேசோ, அதாவது பெரிய மணி மக்காச்சோளமும் பாலாடைக்கட்டியும், பால்தா என்கிற வெண்ணெய்ப் பழம், ரொட்டியோட, சோறு, வறுத்த உருளை, பயறு. பாப்பா அ லா உவாங்காயினா உருளையும் மிளகாய்ப் பால்கட்டிக் குழம்பும், ஆனா மேல முட்டை வைப்பாங்க. காரத்துக்கு 'ஆஹி' தனியா கேட்டா கிண்ணத்துல வரும், நம்ம நாக்குக்கும் உறைக்கும்.

விடுதியில சமைக்கலாம்னா ஒரு எச்சரிக்கை. 3,400 மீட்டர்ல தண்ணி 88, 89 டிகிரிலயே கொதிச்சுடும். திறந்த பாத்திரத்துல துவரம்பருப்பு வேகவே வேகாது, அரிசி நடுவுல நறுக்குன்னு நிக்கும். குக்கர் இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. இல்லன்னா அவல், சேமியா, புளியோதரை மிக்ஸ். அவலுக்கு வெந்நீர் போதும்.

---

சில்லறைக் கணக்கு:

பணம் பத்தி யாரும் சொல்லல. டாலர் நோட்டு புதுசா, மடிப்பு, கிழிசல், பேனாக் கோடு இல்லாம வாங்குங்க. ஓரத்துல ஒரு மில்லிமீட்டர் கிழிஞ்சிருந்தாலும் அங்க தள்ளிடுவாங்க. பர்மா பஜார் சந்துல வாங்காம, பாஸ்போர்ட், பான் அட்டை, டிக்கெட் காட்டி லைசென்ஸ் உள்ள இடத்துல வாங்கினா, நல்லதில்லாத நோட்ட அங்கயே மாத்திக்கலாம். குஸ்கோவுல சோல் மாத்தறதுக்கு அவெனிதா எல் சோல்ல வரிசையா கடை இருக்கு, நாலு கடை விலை பார்த்து மாத்துங்க. சின்ன நோட்டா கேளுங்க. 100 சோல் நோட்ட வேன்காரரும் மெனுக் கடையும் வாங்க மாட்டாங்க.

டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பயன்பாட்ட இங்கயே திறந்துடுங்க. ஏடிஎம் 'சோலா, உங்க ஊர்ப் பணமா'ன்னு கேட்டா சோல்னே அழுத்துங்க.

60 நாளுக்குள்ள திரும்பற வெளிநாட்டுப் பயணிக்குத் தங்கும் வாடகையில 18 சதவீத வரி கிடையாது. பாஸ்போர்ட்டும் நுழைவுப் பதிவும் காட்டணும். விடுதிக்காரங்க கேக்காம விட்டாலும் நீங்க கேளுங்க. அறை புக் பண்ணும்போது வெந்நீரும் கூடுதல் கம்பளியும் உண்டான்னு பாத்துக்குங்க, ஜூன் ராத்திரி சைபர் டிகிரி கிட்ட இறங்கும். ஸ்வெட்டர் இங்கேர்ந்து தூக்கிட்டுப் போக வேண்டாம், சந்தைல மலிவு. 'பேபி அல்பாகா' (அல்பாகாங்கற அந்த ஊர் விலங்கோட கம்பளி)ன்னு சொல்லி 40 சோலுக்குத் தந்தா அது அக்ரிலிக்தான், ஆனா குளிருக்கு அதுவும் தாங்கும்.